மறந்திருந்தால் தப்பித்திருப்பீர்கள்!

இருபத்தொரு வருட இடைவெளிக்குப் பிறகு, நாற்பத்தொன்றாம் வயதில் நான் மறுபடி கராத்தே வகுப்புக்குப் போன கதையைச் சென்ற இதழில் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆளாளுக்கு ஒரு பழைய பெல்ட்டைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது! இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்கள்தான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் நானே பட்டப்பெயர் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதினெட்டு வயதில் பிரவுன் பெல்ட்டோடு விட்டேன். இப்போது 43. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. போன வாரம் வீட்டில் சும்மா நின்று பார்த்தேன். பஞ்ச், பிளாக் எல்லாம் தானாக வருகிறது. உடம்பு மறக்கவே இல்லை, அக்கா! விட்ட இடத்திலிருந்தே தொடங்கிவிடலாமா?
— பழைய பிரவுன் பெல்ட்

‘உடம்பு மறக்கவே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என் வயிற்றைக் கலக்குகிறது. மறந்திருந்தால் தப்பித்திருப்பீர்கள்.

என் கதையைக் கேளுங்கள். திரும்பிப் போன முதல் வகுப்பில் பயந்து பயந்து செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வகுப்பில் கையும் காலும் பழைய தடத்தைக் கண்டுபிடித்துவிட்டன. பக்கத்தில் நின்ற பையன், “மேடம், நீங்க முன்னாடியே கத்துக்கிட்டவங்களா?” என்று கேட்டான். அந்த ஒரு கேள்வி எனக்கு வினையாகப் போயிற்று. மூன்றாவது வகுப்பில் ஓய்-ஸுகி. ஓர் எட்டு முன்னால் பாய்ந்து குத்துவது. வரிசையாக ஐந்து. முதல் மூன்றையும் அளவாகத்தான் போட்டேன். நான்காவதில், அந்தப் பையன் பார்க்கிறான் என்று தெரிந்து, பின்காலை உதைத்து இருபது வயதுக்காரி மாதிரிப் பாய்ந்தேன். ஆடுசதையில் யாரோ கல்லை விட்டெறிந்த மாதிரி ‘டப்’பென்று ஓர் அடி. யார் எறிந்தது என்று பார்க்கத்தான் திரும்பினேன், சத்தியமாக. பின்னால் சுவர் மட்டும் இருந்தது.

ஆடுசதையின் உட்பக்கத் தசை கிழிந்திருந்தது. ‘டென்னிஸ் லெக்’ என்றார் டாக்டர். வாழ்நாளில் டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை நான். முட்டி நீட்டி, குதிகால் தரையில் அழுந்தியிருக்கும்போது அந்தக் காலால் சட்டென்று உந்தினால் கிழிகிற இடமாம் அது. ஸென்குட்சு-டாச்சி என்கிற, முன்காலை மடக்கி நிற்கும் நிலையில் பின்கால் எப்படி நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முட்டி நீட்டி, குதிகால் தரையில். நம் மாஸ்டர்கள் ‘குதிகால், குதிகால்’ என்று கத்திக் கத்திப் பழக்கியது அப்படியே நினைவிருக்கிறது. அதுதான் வம்பு. புதிதாகச் சேருகிறவருக்கு அவ்வளவு வேகமாகப் பாயத் தெரியாது. அதனால் அவர் கால் பிழைத்துக்கொள்கிறது. உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

உடம்பில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்துக்குத் திரும்பி வருகிறது. அசைவுகள் முதல் வாரமே வந்துவிடும். அவை இருப்பது மூளையில், அங்கே பல பத்தாண்டுகள் ஆனாலும் பெரிதாக அழிவதில்லை. தசைக்குப் பலம் சில வாரங்களில் ஏறும். மூச்சும் அப்படித்தான். தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாண்கள் இருக்கின்றனவே, அவைதான் மாதக்கணக்கில் நம்மைக் காக்க வைப்பவை. ரத்த ஓட்டம் குறைவு, சுமைக்குப் பழகவும் நேரமெடுக்கும். குதிகால் நாணின் நடுப்பகுதி ஏறக்குறைய பதினேழு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது, அதன்பின் அதிகம் புதுப்பிக்கப்படுவதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பன் அந்த நாணில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளந்து கண்டுபிடித்தார்களாம். படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. பதினெட்டு வயதில் நீங்கள் எந்த நாணோடு வகுப்பை விட்டுப் போனீர்களோ, பெரும்பாலும் அதே நாணோடுதான் இப்போது திரும்பிப் போகிறீர்கள். இடையில் அது இருபத்தைந்து வருடம் நாற்காலிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே முதல் மூன்று மாதம் என் பேச்சைக் கேளுங்கள். குதிக்காதீர்கள். எட்டு வைத்துப் போங்கள், பாயாதீர்கள். கிக் இடுப்புக்குக் கீழே போதும். காற்றில் குத்தும்போது முழங்கையைக் கடைசி நூல்வரை நீட்டிச் சொடுக்காதீர்கள். தடுக்க எதிரில் எதுவும் இல்லாததால் மூட்டுதான் பிரேக் போடுகிறது. மவாஷி-கேரி, அதாவது பக்கவாட்டில் சுழற்றிப் போடுகிற கிக், போடும்போது நிற்கிற காலின் பாதம் திரும்பியே ஆக வேண்டும். பலகைத் தரையில் தானாக வழுக்கித் திரும்பும். இப்போது பல இடங்களில் போடுகிற ரப்பர் பாயில் வெறுங்கால் ஒட்டிக்கொள்ளும். மேலே இடுப்பு திரும்பிவிடும், கீழே பாதம் திரும்பாது, நடுவில் அகப்படுவது முட்டி. எனவே பாதத்தை முதலில் திருப்பி வைத்துவிட்டுப் பிறகு காலைத் தூக்குங்கள். அழகாக இருக்காது. பரவாயில்லை.

வீட்டில் ஒரே ஒரு பயிற்சி. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரண்டு காலாலும் மேலே எழும்பி, ஒற்றைக் காலால் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். கீழே போகிற பயணம் மூன்று எண்ணிக்கை நீளட்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று. கால் ஆறிய பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. முன்பே செய்திருந்தால் ஆறு வாரம் நொண்டியிருக்க மாட்டேன் என்பது என் எண்ணம்.

அதிகம் செய்துவிட்டோமா என்று எப்படித் தெரியும்? தசை வலியை நம்பாதீர்கள். அது ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய் தானே அடங்கும். மறுநாள் காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கிற முதல் நாலு அடியைக் கவனியுங்கள். குதிகாலுக்கு மேலே விறைப்பு நேற்றைவிடக் கூடியிருந்தால், முந்தைய வகுப்பில் அளவு மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முன்பு ஸ்பிளிட் போட்டவள் நான். இப்போது உட்கார்ந்தால் முட்டியைத் தொடக்கூட முடியவில்லை. தோழியை முதுகில் அழுத்தச் சொல்லலாமா?
— விறைத்த கால்

வேண்டாம்மா! அந்தக் காலத்தில் வார்ம்-அப் என்று சொல்லி முதுகில் ஆளையே ஏற்றி உட்கார வைத்தார்கள். நானும் அழுதுகொண்டே சிரித்திருக்கிறேன். உடம்பு சூடேறும் முன் பிடித்து இழுப்பதால் லாபமில்லை. தொடக்கத்தில் நடை, கால் வீச்சு, இடுப்புச் சுழற்சி. நீட்டிப் பிடிக்கிற ஸ்ட்ரெச் எல்லாம் வகுப்பு முடிந்த பிறகு, உங்கள் எடையாலேயே.

திரும்பிச் சேரும்போது எந்த பெல்ட் கட்டுவது? பழைய பச்சை பெல்ட் இருக்கிறது, சான்றிதழும் இருக்கிறது. வெள்ளை கட்டினால் பொய் சொன்ன மாதிரி இருக்கிறது, பச்சை கட்டினால் அதைவிடப் பெரிய பொய் மாதிரி இருக்கிறது.
— பெட்டிக்குள் பச்சை

இந்த ஒரு கேள்விக்காகவே வகுப்பு வாசல்வரை வந்து திரும்பிப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

பெல்ட் என்பது நாம் நினைக்கிற அளவு தொன்மையானது இல்லை. கானோ ஜிகோரோ 1882இல் கோடோகான் என்ற தம் பள்ளியில் ஜூடோவைத் தொடங்கினார். அடுத்த வருடம் இரண்டு மாணவர்களுக்கு முதல் ‘டான்’ என்ற தேர்ச்சி நிலையைக் கொடுத்தார். கறுப்பு பெல்ட்டைக் கட்டுகிற பழக்கம் அதற்கும் பிறகுதான் வந்தது. கராத்தேக்கு இந்த டான் முறையை ஜூடோவிடமிருந்து எடுத்துக்கொண்டவர் ஃபுனாகோஷி கிச்சின். அவர் முதன்முதலில் டான் வழங்கியது 1924இல். அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக, கராத்தே பிறந்த ஒகினாவா தீவில் பழகியவர்கள் இடுப்பில் எந்த நிறமும் இல்லாமல்தான் பழகினார்கள். இந்த ஃபுனாகோஷி ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கராத்தேயை எடுத்துக்கொண்டு போனபோது அவருக்கு வயது 53. இதை உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் சும்மா சொல்லி வைக்கிறேன்.

நடைமுறைக்கு வருவோம். அதே பாணி, அதே சங்கம் என்றால் உங்கள் பச்சை பெரும்பாலும் செல்லும். வேறு பாணி என்றால் அங்கே சொல்கிறபடிதான். எப்படியானாலும் முதல் நாள் வெள்ளை கட்டிக்கொண்டு போங்கள். சான்றிதழைப் பையில் வையுங்கள். வகுப்புக்கு முன்னால் ஆசிரியரிடம் தனியாக, “முன்பு பச்சை வரை பழகியிருக்கிறேன், இத்தனை வருடம் ஆகிவிட்டது. எதைக் கட்டட்டும்?” என்று ஒரு வாக்கியம் கேளுங்கள். அவர் சொல்கிற நிறத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை கட்டுவதில் பெரிய வசதி ஒன்று உண்டு: வெள்ளையைப் பார்த்தால் எதிரில் நிற்கிறவர் கையை அடக்குவார். பச்சையைப் பார்த்தால் பச்சைக்கு உரிய வேகத்தில் வருவார். அப்போது உங்கள் சான்றிதழ் வந்து தடுக்காது.

பழைய சீருடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். போட்டுப் பார்க்காதீர்கள். மனம் நோகும்.

நான் சிறுவயதில் பழகியது ஷோட்டோகான் பாணி. இப்போது பக்கத்தில் இருப்பது வாடோ-ரியூ வகுப்பு. ‘பினான் ஷோடன் செய்’ என்றார் ஆசிரியர். ஹெயான் ஷோடன்தானே என்று செய்து காட்டினேன். எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் என்ன தப்பு செய்தேன்?
— குழம்பிய கட்டா

ஒரு தப்பும் இல்லை. உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் விழுந்த குழி அது. பினான் என்ற ஐந்து கட்டாக்களை (எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்கிற அசைவுத் தொடர்களை) அமைத்தவர் ஒகினாவாவின் இட்டோசு அன்கோ. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில். அவருடைய மாணவரான ஃபுனாகோஷி அவற்றுக்கு ஹெயான் என்று பெயர் மாற்றினார். அத்தோடு விட்டாரா? முதல் இரண்டின் வரிசையையும் மாற்றிவிட்டார். எளிதானது முதலில் வரட்டும் என்று நினைத்திருக்கிறார். ஷோடன் என்றால் முதலாவது, நிடன் என்றால் இரண்டாவது. ஆக உங்கள் ஹெயான் ஷோடன், வாடோவிலும் ஷிட்டோ-ரியூவிலும் பினான் நிடன். அவர்களுடைய பினான் ஷோடன் உங்களுடைய ஹெயான் நிடன். மூன்று, நான்கு, ஐந்தில் குழப்பமில்லை.

பெயர் சரியான பிறகும் சிக்கல் தீராது. ஷோட்டோகானில் நீளமாக, தாழ்வாக நின்று பழகியவர் நீங்கள். வாடோவில் உயரமாக, குட்டையாக நிற்பார்கள். உங்களை ‘மேலே வா, மேலே வா’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வாதாடாதீர்கள். ‘எங்கள் மாஸ்டர் இப்படிச் சொல்லித்தரவில்லையே’ என்ற வாக்கியத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நாற்பது வயது முட்டிக்கு உயரமான ஸ்டான்ஸ் கிடைத்திருப்பது அதிர்ஷ்டம் என்பது என் சொந்தக் கருத்து. ஷோட்டோகான்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

இரண்டு பிரசவம் ஆகிவிட்டது. வயது 39. மறுபடி சேர்ந்து ஒரு மாதம். குதித்துக் கிக் போடும்போதும், பலமாக ‘கியாய்’ கத்தும்போதும் சிறுநீர் கசிந்துவிடுகிறது. வெள்ளைச் சீருடை வேறு. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றுவிடலாம் என்றிருக்கிறேன்.
— பெயர் வேண்டாம்

தங்கையே, நின்றுவிடாதே. இந்தக் கடிதத்தை வெளியிடலாமா என்று உதவி ஆசிரியர் தயங்கினார். இதைப் போடவில்லை என்றால் பத்தியே வேண்டாம் என்றேன். என் வகுப்பில் உடை மாற்றும் அறையில் ஒருநாள் யாரோ ஒருத்தி வாயைத் திறந்தாள். பிரசவம் ஆன ஐந்து பேர் இருந்தோம். நான்கு பேர், “எனக்கும்” என்றோம். அத்தனை நாளும் ஆளுக்கொரு கறுப்புக் காற்சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு, ஒருத்திக்கொருத்தி தெரியாமல் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இடுப்புத் தளத் தசைகள் பிரசவத்தில் தளர்ந்துபோவதால் வருவது இது. வயிற்றுக்குள் திடீரென்று அழுத்தம் ஏறும்போது அவற்றால் தாங்கிப் பிடிக்க முடிவதில்லை. கியாய் என்பது அந்த அழுத்தத்தையே ஒலியாக்கி வெளியே அனுப்புவதுதான். பெரும்பாலானவர்களுக்குப் பயிற்சியாலேயே குறைகிறது. சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல அந்தத் தசையை உள்ளே மேல்நோக்கி இழுத்து, சில விநாடி பிடித்து, முழுமையாக விட வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். வயிற்றையோ தொடையையோ இறுக்கக் கூடாது. மூச்சையும் பிடிக்கக் கூடாது. பலர் இந்த இடத்தில்தான் தப்பாகச் செய்துவிட்டு, பலனில்லை என்று கைவிடுகிறார்கள். இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள்; ஒரு முறை போய்ச் சரியாகச் செய்கிறோமா என்று பார்த்துக்கொள். மூன்று மாதமாகியும் மாற்றமில்லை என்றாலோ, ஏதோ கீழிறங்குகிற மாதிரி கனமாக இருந்தாலோ, மகப்பேறு மருத்துவரைப் பார்க்காமல் இருக்காதே.

வகுப்பில் செய்ய ஒரு சூட்சுமம்: குத்து போய்ச் சேருகிற அந்தக் கணத்துக்கு ஒரு நூல் முன்னதாக அந்தத் தசையை மேலே இழுத்துவிட்டுப் பிறகு கத்து. இருமல் வரும்போதும் தும்மல் வரும்போதும் இதே பழக்கம் உதவும். முதலில் வரிசை தப்பும், கத்திய பிறகு இழுப்பாய். ஒரு நூறு கியாய் போனதும் பழகிவிடும். அதுவரை குதிக்கிற கிக்குக்குப் பதிலாகத் தரையில் நின்றபடி போடு. ஏன் என்று ஆசிரியர் கேட்டால், ‘டாக்டர் குதிக்க வேண்டாம் என்றார்’ போதும்.

வாரத்துக்கு எத்தனை நாள் போகலாம்?
— ஒற்றை வரி வாசகர்

முதல் மூன்று மாதம் இரண்டு. மூன்றாவது நாளும் போக ஆசை வரும். வரட்டும்.

வகுப்பில் எல்லோரும் இருபது வயது. ஸ்பாரிங்கில் (ஜோடியாக மோதிப் பழகுவதில்) அவர்கள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. போன வாரம் ஒரு பையன் முகத்தில் விட்டான். தலை கிறுகிறுத்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் மீதி இரண்டு சுற்றும் முடித்தேன். மாஸ்டர் ‘பேஷ்’ என்றார்.
— 46, ஆனால் மனசுக்கு 20

நான் பேஷ் சொல்ல மாட்டேன். தலையில் அடிபட்டுக் கிறுகிறுப்போ குமட்டலோ, கண் மங்கலோ வந்தால் அன்றைக்கு ஸ்பாரிங் அவ்வளவுதான். சுற்று பாதியில் இருந்தாலும் சரி. முதல் ஓரிரண்டு நாள் உடம்புக்கும் தலைக்கும் ஓய்வு. பிறகு நடை, அப்புறம் தனியாகக் கட்டா. டாக்டர் சரியென்ற பிறகே ஆளோடு பழகுவது. தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனை. ஒரு மூளை அதிர்ச்சி ஆறும் முன் இன்னொன்று விழுந்தால் என்ன ஆகும் என்று விலாவாரியாக எழுதி உங்களைப் பயமுறுத்த விருப்பமில்லை.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. நீங்கள் பாதி வேகத்தில் தொடங்கினீர்கள், அவன் முக்கால் வேகத்தில் பதில் சொன்னான். சளைக்கக் கூடாதென்று நீங்களும் ஏற்றினீர்கள். மூன்றே கைமாற்றில் முழு வேகத்துக்குப் போயிருப்பீர்கள். இதை நான் வாரந்தோறும் ஓரத்தில் நின்று பார்க்கிறேன். வணங்கி நிற்கும்போதே, “தம்பி, பாதி வேகம் போதும். முகத்துக்குத் தொட்டும் தொடாமல்” என்று சொல்லிவிடுங்கள். நடுவில் ஏறினால் ஒரு எட்டுப் பின்னால் வந்து கையைக் கீழே விட்டு, “கொஞ்சம் மெதுவா” என்று மறுபடி சொல்லுங்கள். மூன்றாம் முறை சொல்ல வேண்டியிருந்தால் அவனோடு ஜோடி சேராதீர்கள். பல் காப்பு கட்டாயம்.

இன்னொன்று, நீங்கள் விட்ட காலத்து விதிகள் இப்போது இல்லை. போட்டிக் கராத்தேயில் 2012 முதல் குத்துக்கு யூக்கோ ஒரு புள்ளி, உடம்பில் கிக்குக்கு வாஸா-ஆரி இரண்டு, தலைக்குக் கிக்கோ விழுந்தவர் மேல் அடியோ என்றால் இப்போன் மூன்று. அதனால் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கால் சர்வ சாதாரணமாகத் தலைக்கு வரும். ‘எங்கள் காலத்தில் ஒரே குத்தில் ஆட்டம் முடியும்’ என்று இடுப்புயரத்தில் காவல் வைத்து நிற்காதீர்கள். ஜூடோக்காரர்களுக்கும் இது பொருந்தும். எதிராளியின் காலைக் கையால் பிடித்துச் சாய்ப்பதை 2010இல் கட்டுப்படுத்தி, 2013இல் முழுக்கத் தடை செய்தார்கள். பழைய ஞாபகத்தில் குனிந்து காலைப் பிடித்துவிட்டு, எல்லோரும் ஏன் கத்துகிறார்கள் என்று விழித்த ஒரு பழைய சாம்பியன் எனக்கு நண்பர்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வயது 50. கையில் கட்டிய வாட்ச்சில் இதயத் துடிப்பைப் பார்த்துப் பழகினால் போதுமா?
— வாட்ச் வாசகர்

முதலில் உங்கள் டாக்டர். ‘கராத்தே போகலாமா’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ‘முப்பது விநாடி முழு மூச்சில் பாய்வது, பிறகு நின்று மூச்சு வாங்குவது, மறுபடி பாய்வது, ஒரு மணி நேரம் இப்படி’ என்று விவரித்துக் கேளுங்கள். 220இலிருந்து வயதைக் கழிக்கிற கணக்கில் உங்களுக்கு 170 வரும். ஆனால் அது சராசரிக்குப் போட்ட கணக்கு. உங்கள் மாத்திரை இதயத் துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் வகை என்றால் துடிப்பு அவ்வளவாக ஏறாது. உடம்பு திணறிக்கொண்டிருக்கும், வாட்ச் சாந்தமாக இருக்கும். ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், அதுவே நல்ல அளவுகோல். சன்சின் போல உடம்பை முறுக்கிச் செய்கிற கட்டாக்களில் மூச்சைப் பிடித்து நிறுத்தாதீர்கள், அழுத்தம் எகிறும். நெஞ்சில் இறுக்கமோ, கைக்கும் தாடைக்கும் பரவுகிற வலியோ வந்தால் வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கல்லூரியில் ஜூடோ. இப்போது 52. கராத்தேதான் வயதுக்கு ஏற்றது, ஜூடோவில் விழ வேண்டியிருக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யட்டும்?
— விழப் பயந்தவர்

விழத்தான் போங்கள் என்பேன். ஐம்பதுக்கு மேல் எல்லோரும் எங்கேயாவது வழுக்கி விழுகிறோம். குளியலறையில் விழுகிறபோது உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் நிற்க மாட்டார்கள்.

நான் கராத்தேக்காரி. நாற்பத்தெட்டில், இதற்காகவே ஒரு ஜூடோ வகுப்பில் ஒரு வருடம் போய் உக்கேமி, அதாவது அடிபடாமல் விழுகிற வித்தை மட்டும் பழகினேன். முதல் நாள் குந்தி உட்கார்ந்தபடி பின்னால் சாயச் சொன்னார்கள். இருபது முறை. முகவாயை நெஞ்சோடு சேர்த்து, பார்வை சொந்த பெல்ட் முடிச்சின் மேல். அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பின்மண்டை தரையைத் தொடாது. மூச்சை வெளியே விட்டபடி, இரு கையும் உடம்பிலிருந்து சற்றே விலகி, உள்ளங்கை கீழ்நோக்கிப் பாயை ‘டப்’பென்று அறைய வேண்டும். கையைப் பின்னால் ஊன்றித் தடுத்தால் மணிக்கட்டு போயிற்று. எனக்கோ எட்டாவது முறைவரை கை பின்னால்தான் போயிற்று. விழுகிறோம் என்றால் கையூன்று என்று நாற்பது வருடமாக உடம்பு எழுதி வைத்திருந்த விதி அது. அதை அழிக்க மூன்று வாரம் பிடித்தது.

முன்னால் உருளுவது வேறு கதை. இரண்டு உருளலில் எனக்கு உலகம் சுற்றிக் குமட்டிவிட்டது. உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்வது உள்காது; பல வருடம் தலைகீழாகாத காதுக்கு அது அதிர்ச்சி. ஒரு வகுப்புக்கு இரண்டு, அடுத்த வாரம் மூன்று என்று ஏற்றினால் அடங்கும். நீங்கள் பழையவர் என்பதால் உருளல் ஞாபகத்தில் இருக்கும், காதுக்கு இருக்காது. கழுத்தில் தேய்மானம் இருந்தாலோ எலும்பு அடர்த்தி குறைந்திருந்தாலோ மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். வீசப்படுவதற்கு அவசரமில்லை. குறிப்பாக ஓசோட்டோ-காரி, பின்மண்டையோடு நேரே பின்னால் போகிற வீச்சு அது. உக்கேமி தூக்கத்திலும் வருகிறது என்ற பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். ரண்டோரிக்கு, அதாவது ஒருவரையொருவர் பிடித்து வீசிப் பழகுவதற்கு, உங்கள் எடையும் வயதும் உள்ள ஒருவரைத் தேடுங்கள். அவரும் உங்களைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

பதினொரு வயது மகளை வகுப்பில் விடப் போய், நானும் மறுபடி சேர்ந்துவிட்டேன். அவள் இப்போது ப்ளூ பெல்ட், நான் வெள்ளை. வரிசையில் அவள் எனக்கு முன்னால் நிற்கிறாள். போன வாரம் எல்லோர் முன்னாலும், ‘அப்பா, முட்டி வெளியே’ என்று அதட்டினாள். சிரிப்பதா, கோபப்படுவதா?
— கடைசி வரிசை அப்பா

முட்டியை வெளியே வையுங்கள். அவள் சொன்னது சரி. கிபா-டாச்சியில் (குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்கிற நிலையில்) முட்டி உள்ளே சாய்ந்தால் நாலு மாதத்தில் வலி வரும், அப்போது எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

வரிசை பெல்ட்படிதான். அங்கே அவள் உங்களுக்கு மூத்தவள், குனிந்து வணங்குங்கள். ஜோடியாக நிற்க நேர்ந்தால் விட்டுக்கொடுத்து ஆடாதீர்கள். பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும், அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் அவளுடைய கட்டாவைத் திருத்தாதீர்கள். உங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தால் அவளிடம் கேளுங்கள். எங்கள் வகுப்பில் இப்படி ஓர் அப்பா வந்தார். மகளுக்கு ஒன்பது வயது. பெல்ட்டின் இரண்டு முனையும் சமமாகத் தொங்கும்படி முடிச்சுப் போட அவருக்கு வரவே வராது. வகுப்பு தொடங்கும் முன் அவர் மண்டியிட்டு நிற்பார். அவள் முடிச்சை அவிழ்த்து, பெல்ட்டின் நடுப்பகுதியை அவர் தொப்பூழில் வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, முகத்தைச் சுளித்துக்கொண்டு இழுத்துக் கட்டுவாள். ஒரு வருடத்தில் அவருக்குக் கட்ட வந்துவிட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் அவள் காய்ச்சலில் வராதபோது அவரே கச்சிதமாகக் கட்டிக்கொண்டு நின்றார். அடுத்த வகுப்பில் அவள் வந்ததும் மறுபடி மண்டியிட்டார்.